தழும்புள்ள மனிதர்களை எழுதுவது



தலித் இலக்கிய மேடையின் நினைவுப் பேருரையில், அமெரிக்கத் தென்பகுதியைச் சேர்ந்த ஒரு வெள்ளை எழுத்தாளரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் மக்களைக் குறையே இல்லாதவர்களாகத்தான் எழுத வேண்டுமா என்ற விவாதம் நமக்குள் ஓயாமல் நடக்கிறது. அதற்கு ஹாரி குரூஸிடம் ஒரு பதில் இருக்கிறது.

1935இல் ஜார்ஜியா மாநிலத்தின் பேக்கன் கவுண்டியில், ஏழைக் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் குரூஸ். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தார். ஐந்து வயதில் கால்கள் முடங்கின. மீண்டும் நடக்கத் தொடங்கியபின், பன்றி மயிர் நீக்குவதற்காகக் காய்ச்சிய கொதிநீரில் விழுந்து உடல் வெந்துபோனது. இவற்றை 1978இல் வெளிவந்த 'எ சைல்ட்ஹுட்' என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அந்நூலில் சியர்ஸ் நிறுவனத்தின் கேட்டலாக் ஒன்று வருகிறது. அஞ்சலில் பொருள் வாங்குவதற்கான படப்புத்தகம் அது. அதிலிருந்த ஆண், பெண், குழந்தை யாருக்கும் உடலில் ஒரு குறையும் இல்லை. சிறுவன் குரூஸைச் சுற்றியிருந்தவர்களுக்கோ விரல் இல்லை, காது அறுந்திருந்தது, கண் போயிருந்தது. உழைப்பும் வறுமையும் எல்லோரிடமும் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தன. அவனும் அவனுடைய கறுப்பினத் தோழன் வில்லலீயும் அந்தப் பட மனிதர்களுக்குக் கதை கட்டினார்கள். உறவு, பகை, சண்டை எல்லாம் வைத்தார்கள். நல்ல உடைக்கு அடியில் எங்கோ ஒரு காயம் இருந்தே தீரும் என்று நம்பினார்கள். அவர் கதை சொல்லக் கற்றது அங்கேதான்.

தழும்பு உடலில் மட்டுமா இருக்கிறது? ஒரு கறுப்பினப் பெரியவரைச் சிறுவன் குரூஸ் மரியாதையாக 'மிஸ்டர்' போட்டுச் சொன்னபோது, அத்தை திருத்துகிறார்: அவர்களுக்கு அந்தச் சொல் கிடையாது என்று. பெரியவரை 'டா' போட்டு அழைக்கும் தெருக்களை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தன் வீட்டார் அன்பாக ஊட்டிய சோற்றோடு இந்த நஞ்சையும் ஊட்டினார்கள் என்பதைக் குரூஸ் மறைக்கவில்லை. ஆதிக்கம் எப்படிக் கைமாறுகிறது என்பதை அதனால்தான் அந்நூலில் காண முடிகிறது.

இந்த நேர்மை அவருக்கு எளிதில் வரவில்லை. பல்கலைக்கழகம் சென்றபின், தன் ஊரையும் பிறப்பையும் நினைத்துக் கூசினார். கிரஹாம் கிரீனின் நாவலைப் பிரித்துப் போட்டு, அதைப் போலவே எழுதிப் பார்த்தார். அது உருப்படவில்லை. வெட்கப்பட்டு ஒளித்த அந்த ஊரே தன்னிடமுள்ள ஒரே முதல் என்று உணர்ந்தபிறகுதான் எழுத்து பிடிபட்டது. விடுதி அறையில் சொந்தப் பேச்சுமொழியை விழுங்கிக்கொள்ளும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காயம் பெருமை அல்ல. வெட்டுப்பட்ட விரலுக்குப் பின்னால் ஒரு சுரண்டல் இருக்கிறது. குரூஸைப் பல்லாண்டு ஆட்டிவைத்த குடியும் கொண்டாடத் தக்கதல்ல. குறையை வழிபடச் சொல்லவில்லை, அதை அழித்துவிட்டு எழுதாதீர்கள் என்கிறேன். தழும்பை அழித்தால் காயப்படுத்தியவனின் தடயமும் சேர்ந்தே அழிகிறது.

நம் மொழியில் பாமா இந்த விலையைக் கொடுத்தவர். 1992இல் 'கருக்கு' வந்தபோது, சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டு அவரை ஊருக்குள் வரக்கூடாது என்றார்கள். நம்மை எப்போதும் இழிவாகவே காட்டிவந்த உலகில் அந்தக் கோபம் புரிந்துகொள்ளக் கூடியதே. பின்னர் அதே ஊர் அந்த நூலைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது.

நம் குடிகார மாமனையும், மருமகளை அடிக்கும் மாமியாரையும், இயக்கத்துக்குள் உட்சாதி பார்க்கும் தோழரையும் எழுதுங்கள். எதிரி பயன்படுத்திக்கொள்வான் என்ற அச்சம் உண்மையானது. ஆனால் குறையற்றவர்களாக இருந்தால்தான் உரிமை என்ற நிபந்தனையை நாம் ஏன் ஏற்க வேண்டும்? மனிதராக இருப்பதே போதும்.