லைக்குக்கு வாக்காளர் அட்டை கிடையாது

தேர்தல் பத்திப் பேசினாலே ஒரு கேள்வி தவறாம வருது: "ஆன்லைன்ல எங்க பாத்தாலும் அவர்தான் இருந்தார். அப்புறம் எப்படித் தோத்தார்?" நான் சாப்ட்வேர் ஆளு. டேட்டாவைப் பாத்து முடிவெடுக்கிறது என் தொழில். அதனால இதைக் கட்சிக்காரனா இல்லாம, டேட்டா பாக்குற ஆளா பிரிச்சுப் பாக்கலாம்.

முதல்ல ஒரு உச்சகட்ட உதாரணம். 2024 மகாராஷ்டிரா சட்டமன்றத் தேர்தல்ல, மும்பை வெர்சோவா தொகுதியில நடிகர் அஜாஸ் கான் நின்னார். இன்ஸ்டாகிராம்ல அவருக்கு 56 லட்சம் ஃபாலோயர்ஸ். விழுந்த ஓட்டு 155. நோட்டாவுக்கே அதைவிடப் பல மடங்கு விழுந்துச்சு.

சிரிச்சுட்டுக் கடந்துடாதீங்க. அந்த 56 லட்சமும் போலின்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. லக்னோல இருக்கிறவரும் ஃபாலோ பண்ணலாம், துபாய்ல இருக்கிறவரும் பண்ணலாம், பதினஞ்சு வயசுப் பையனும் பண்ணலாம். அவரைத் திட்டுறதுக்காகவே ஃபாலோ பண்றவங்களும் உண்டு. ஆனா ஓட்டுப் போட, வெர்சோவா வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். ஃபாலோயர் எண்ணிக்கை ஒரு கேள்விக்கான பதில், ஓட்டு எண்ணிக்கை இன்னொரு கேள்விக்கான பதில். நாமதான் ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கிறோம்.

எங்க வடகரையையே எடுத்துக்கோங்க. இங்கயும் கடையநல்லூர் பக்கமும் வளைகுடா நாடுகள்ல வேலை பாக்குறவங்க நிறைய. தேர்தல் வந்துட்டா ஊர் வாட்ஸ்அப் குரூப்ல அவங்க குரல்தான் ஓங்கி ஒலிக்கும். ஊர் மேல அவ்வளவு பாசம். ஆனா வெளிநாட்டுல இருக்கிற இந்தியக் குடிமக்கள் பட்டியல்ல பேர் சேர்க்க 2010ல சட்டத்தைத் திருத்தினாங்களே தவிர, ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோட வாக்குச்சாவடிக்கு நேர்லதான் வரணும். ஒரு ஓட்டுக்காக ஷார்ஜால இருந்து டிக்கெட் போட்டு எத்தனை பேர் வருவாங்க?

இந்தப் பக்கம் திண்ணையில உக்காந்து பீடி சுத்துற அக்கா, நூறு நாள் வேலைக்குப் போற ஆச்சி. இவங்க ரீல்ஸ் பாக்கலாம், ஆனா கமெண்ட் போட மாட்டாங்க. யாருக்கு ஓட்டுன்னு கேட்டா வாயத் திறக்கவும் மாட்டாங்க. வாக்குப்பதிவு அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு வரிசையில முதல் ஆளா நிப்பாங்க. நம்ம ஃபீட்ல அவங்க இல்ல, பட்டியல்ல இருக்காங்க.

இது இன்டர்நெட் வந்த பிறகு வந்த பிரச்சனையும் இல்ல. 1936 அமெரிக்க அதிபர் தேர்தல்ல 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்குச் சீட்டு அனுப்பிச்சு. 20 லட்சத்துக்கும் மேல பதில் வந்துச்சு. லாண்டன் ஜெயிப்பார்னு எழுதினாங்க. ஆனா 48 மாநிலத்துல 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளிட்டார். காரணம் என்னன்னா, அவங்க முகவரி எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியில இருந்தும் கார் பதிவுப் பட்டியல்ல இருந்தும். பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலத்துல கார் வச்சிருந்தவங்க யாரு? பதில் அனுப்ப மெனக்கெட்டதும் ஒரு தரப்புதான். ரொம்பச் சின்ன சாம்பிளை வச்சே ஜார்ஜ் காலப் வெற்றியாளரைச் சரியாச் சொன்னார். எத்தனை பேர்ங்கிறதை விட, யார் யார்ங்கிறதுதான் முக்கியம்.

சரி, ஆதரவு நிஜமாவே இருந்தா? அப்பவும் இடிக்கும். 2024 மக்களவைத் தேர்தல்ல தமிழ்நாட்டுல சோஷியல் மீடியாவுல அதிகம் பேசப்பட்ட வேட்பாளர்கள்ல ஒருத்தர் கோயம்புத்தூர்ல நின்ன அண்ணாமலை. 4.5 லட்சம் ஓட்டு வாங்கினார், சின்ன எண்ணிக்கை இல்ல. ஆனா திமுகவோட கணபதி ராஜ்குமார் 1.18 லட்சம் வித்தியாசத்துல ஜெயிச்சார். அதே தேர்தல்ல நாம் தமிழர் கட்சி மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்குச்சு, ஒரு தொகுதி கூடக் கிடைக்கல. ஆன்லைன்ல எல்லா ஊர் ஆதரவும் ஒரே திரையில வந்து குவியும். தேர்தல்ல அதே ஆதரவு தொகுதி தொகுதியாப் பிரிஞ்சு நிக்கும். கூட்டணி, பூத் கமிட்டி, வீடு வீடாப் போய் ஆளைக் கூட்டிட்டு வர்ற உள்ளூர்க்காரர் — இது எதுவும் ட்ரெண்டிங்ல தெரியாது.

இதை ஏன் இவ்வளவு நேரம் பேசுறேன்னா, ஃபீடைப் பாத்து நாம ரெண்டு தப்பான முடிவுக்கு வர்றோம். "நம்மாளு எப்படியும் ஜெயிச்சுடுவார், நான் ஒருத்தன் போகலைன்னா என்ன?" இது ஒண்ணு. "யாருமே அவரைப் பத்திப் பேசல, போட்டு என்ன பிரயோஜனம்?" இது இன்னொண்ணு. ரெண்டுமே சென்னை, பெங்களூர்ல இருந்து தென்காசி பஸ் ஏறாம இருக்க நல்ல சாக்கு.

2021 சட்டமன்றத் தேர்தல்ல தென்காசித் தொகுதியில காங்கிரஸோட பழனி நாடார் ஜெயிச்ச வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 370 ஓட்டு. ஏழெட்டு ஆம்னி பஸ்ல ஏறுற கூட்டம், அவ்வளவுதான். அந்தத் தேர்தல்ல ஊருக்கு வராம போன்ல மட்டும் சண்டை போட்டவங்க அதைவிட அதிகம்னுதான் நான் நினைக்கிறேன்.

அதனால அடுத்த தடவை ஒரு வேட்பாளருக்கு லட்சம் லைக் பாத்தா, மூணு கேள்வி கேளுங்க: இவங்க எந்தத் தொகுதி? பட்டியல்ல பேர் இருக்கா? அன்னைக்கு ஊர்ல இருப்பாங்களா? அப்படியே அந்த மூணையும் உங்களையும் கேட்டுக்கோங்க. பட்டியல்ல உங்க பேர் இருக்கான்னு இன்னைக்கே செக் பண்ணிடுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.