விதி கேட்காத இடம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "கப்பல் வேலையாமே, வாந்தி வருமா?" நான் கப்பலில் போகிறவன் இல்லீங்க. அதன் உடம்பு கடலைத் தாங்குமா என்று கரையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவன்.

கப்பலின் நடுப்பகுதி அலையின் முகட்டில் ஏறி நின்றால் என்ன ஆகும்? காவடித் தண்டு மாதிரி இரண்டு முனையும் கீழே வளையும். மேல்தளம் இழுபடும்; அடித்தட்டு அமுங்கும். அலைப்பள்ளம் நடுவில் வந்தால், வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட பனைமரம் போல நடுவில் தொய்யும். இப்படி மாறி மாறி வளைவதைத் தாங்கத்தான் கப்பலைக் கட்டுகிறோம்.

ஆனால் காவடி தூக்கினவர்களுக்குத் தெரியும். நிற்கும்போது ஒரு பாரம், நடக்கும்போது வேறு பாரம். எடை அதேதான், தண்டு துள்ளும்போது கூடுதலாக வளைகிறது. கப்பலின் முகப்பு பெரிய அலையில் ஓங்கி அறையும்போதும் இதே கதை. நம் டைனமிக்ஸ் லேபில் இரும்புப் பட்டையைத் தட்டிவிட்டு அலைவு எண்ணினோமே, அதுபோல முழுக் கப்பலும் அதிரும். இதற்கு 'விப்பிங்' என்று பெயர், அதாவது சாட்டை வீச்சு. அலை கொடுக்கும் வளைவின் மேல் இந்த அதிர்வின் வளைவும் சேர்ந்துகொள்ளும்.

2007 ஜனவரி 18. 'எம்.எஸ்.சி. நாப்போலி' என்ற கன்டெய்னர் கப்பல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து போர்ச்சுகலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1991இல் கட்டியது, நீளம் சுமார் 275 மீட்டர். ஆங்கிலக் கால்வாயில் புயல். எதிரே பெரும் அலைகள், வேகம் 11 நாட். எஞ்சின் அறைப் பகுதியில் அடித்தட்டு நசுங்கி மடிந்து, பக்கத்தட்டுகள் பிளந்தன. மாலுமிகள் 26 பேரும் உயிர்காப்புப் படகில் இறங்க, ஹெலிகாப்டர்கள் வந்து எல்லோரையும் மீட்டன.

ஏன் அந்த இடம்? கப்பலின் அடியில் விலாக்கள் நீளவாக்கில் ஓடி, எஞ்சின் அறையில் குறுக்குவாக்காக மாறின. கோரைப்பாயை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சுலபமாகச் சுருளும், மறுபக்கமாகச் சுருளாது. நீளவாக்கில் அமுக்கும்போது குறுக்கு விலா அவ்வளவாகக் கைகொடுக்காது. வளைவு அதிகம் வருவது கப்பலின் நடுவில் என்பதால், நசுங்குமா என்ற கணக்கை நடுப்பகுதிக்கு மட்டுமே அந்தக் கால விதிகள் கேட்டன. எஞ்சின் அறை அதற்கு வெளியே இருந்தது. அங்கே யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை, கணக்கே போடவில்லை. அதன் மேல் விப்பிங்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்றது பிரிட்டிஷ் விசாரணை. வேகத்தைக் குறைத்திருந்தால் ஆபத்து குறைந்திருக்கும் என்றும் சொன்னது. மேல்தளத்துக் கன்டெய்னர்களை எடை போட்டபோது, ஐந்தில் ஒன்று எழுதிக் கொடுத்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் மாறுபட்டிருந்தது! ஏற்றுமுன் எடை சரிபார்ப்பது 2016 ஜூலையில்தான் உலகெங்கும் கட்டாயமானது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு கணக்கை முடித்துப் பெருமையாக நீட்டினேன். மேலதிகாரி வரைபடத்தில் விரலை வைத்தார். "இங்கே விலா திசை மாறுதே, இதுக்குக் கணக்கு எங்கே?" "விதியில கேட்கலை சார்" என்றேன். அவர் திட்டவில்லை. நாப்போலி அறிக்கையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி முழுக்கப் படித்தேன். மறுநாள் கணக்கைப் புதிதாக ஆரம்பித்தேன்.

இறுதியாண்டுத் தம்பி தங்கைகளே, விதிப்புத்தகத்தை மதியுங்கள். அதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கலாம். ஆனால் அடுத்த விபத்து அதில் இன்னும் எழுதப்படவில்லை. வடிவம் மாறுகிற இடம், திசை மாறுகிற இடம், 'இதை யாரும் கேட்கலையே' என்று தோன்றுகிற இடம் வந்தால், அங்கே ஒரு நிமிஷம் நின்று கணக்குப் போடுங்கள். அதை நம்பித்தான் 26 பேர் கடலில் இருப்பார்கள்.