தக்காளி கருகிய பிறகு

ஏற்காட்டில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் விடாமல் நின்றால் வீட்டுத் தோட்டத்துத் தக்காளி இலை கருகி, காய் பழுப்பேறிவிடும். பின்கருகல் நோய். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே கிருமிதான்.

மனம் விட்டுப்போய்த் தோட்டத்தை அப்படியே போட்டுவிடாதீர்கள். கருகிய செடி, உதிர்ந்த காய் எல்லாவற்றையும் பொறுக்கி ஆழப் புதையுங்கள், எருக்குழிக்கு வேண்டாம். மண்ணில் தப்பிய உருளைக்கிழங்கையும் தோண்டி எடுங்கள். கிருமி அதற்குள் உயிரோடு இருக்கும்.

செடி பச்சையாகவே வாடிச் செத்ததா? அடித்தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை மட்டும் படும்படி பிடியுங்கள். பால்போல இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். இதுதான் பொல்லாதது, மண்ணில் பல ஆண்டு தங்கும். அந்தப் பாத்தியில் கத்தரி, மிளகாய், உருளை மூன்றும் கூடாது; எல்லாம் தக்காளியின் குடும்பம். முட்டைக்கோஸ் நடலாம்.

நோயில்லாத பீன்ஸ் கொடியை மட்டும் பிடுங்காமல் தரையோடு அறுங்கள். வேர்முடிச்சிலுள்ள தழைச்சத்து மண்ணுக்குச் சேரட்டும். மேலே மூட, காபித் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக்கின் சருகு இருக்கவே இருக்கிறது.

இன்னும் சந்தேகமா? ஏற்காட்டிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாடிய செடியை வேரோடு பையில் கட்டி எடுத்துப்போய்க் காட்டுங்கள்.