மலாயில் 'எங்கே வலிக்குது?'

(மறுசந்திப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலேசியாவில் ஓர் அரசு மருத்துவமனையில் சில வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், மலாய் மொழி பற்றிப் பேசச் சொன்னார்கள். "அங்கே இங்கிலீஷ் போதாதா சார்?" என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். டாக்டர்களோடு பேசப் போதும். ஆனால் அங்கே தேசிய மொழி மலாய். வார்டில் படுத்திருக்கிற கிழவியிடம் "சாக்கிட் டி மானா?" - அதாவது "எங்கே வலிக்குது?" - என்று கேட்கத் தெரியவில்லை என்றால் ஸ்டெதஸ்கோப்பால் என்ன பயன்?

தமிழனுக்கு மலாய் சுலபம் என்பார்கள். கப்பல் 'காப்பால்', கடை 'கெடாய்', கட்டில் 'காத்தில்', முகம் 'மூக்கா'. இதெல்லாம் முதல் வாரத்துச் சந்தோஷம். 'காக்கி' என்றால் காக்கிச் சட்டை இல்லை, கால்!

சொற்களைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நாம், நாங்கள் என்று நமக்கு இரண்டு உண்டல்லவா? அவர்களுக்கும் 'கித்தா', 'காமி' என்று இரண்டு. இங்கிலீஷ்காரர் தடுமாறுகிற இடத்தில் நமக்குத் தடுமாற்றமே இல்லை. மருந்தை நம்மைப் போலவே 'சாப்பிடுகிறார்கள்' - 'மாக்கான் ஊபாட்'. ஆம்பூர்ப் பக்கத்தில் உடம்புத் தோல், செருப்புத் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் தோல்தானே? அங்கேயும் மூன்றுக்கும் 'குலிட்' ஒன்றே. நீரிழிவுக்குப் பெயர் 'கென்சிங் மானிஸ்', இனிப்பு மூத்திரம். உடம்பில் 'ஆஙின்' என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அகராதியில் காற்று என்றிருக்கும். நம் வீட்டுப் பாட்டி சொல்கிற வாயுதான் அது. சூடு, குளிர்ச்சி என்று சாப்பாட்டைப் பிரிப்பதும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைப்பது 'பந்தாங்', பெரும்பாலும் 44 நாள். வேறு தேசத்து டாக்டர் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாம். நாம் சிரிக்க முடியாது, நம் அம்மாவும் அதையே சொன்னவள்.

கஷ்டம் எங்கே? அகராதியில். வினைச்சொல்லின் முன்னால் ஓர் ஒட்டு வரும், முதல் எழுத்தே மாறிப்போகும். 'துலிஸ்' (எழுது) 'மெனூலிஸ்' ஆகும். 'சாப்பு' (தடவு, பெருக்கு) 'மெஞாப்பு' ஆகும். ஒட்டைக் கழற்றித்தான் தேட வேண்டும். புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு ஒரு மாதத்தில் பிடிபடும். காலம் காட்ட வினை மாறாது. 'சூடா' என்றால் ஆயிற்று, 'பெலும்' என்றால் இன்னும் இல்லை.

அடுத்தது மரியாதை. 'ஆவாக்' என்றால் நீ. புத்தகத்தில் இருக்கிறதே என்று வயதானவரிடம் அதைச் சொல்லாதீர்கள். 'பாக்சிக்' (மாமா), 'மாக்சிக்' (அத்தை) என்று கூப்பிடுங்கள், முகம் மலரும்.

முக்கியமான ஒன்று, 'பொலே தாஹான்'. வலி எப்படி என்றால் இதைத்தான் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் அர்த்தம், தாங்க முடியும். நம் ஊர்ப் பெரியவர் வலியில் நெளிந்துகொண்டே "பரவாயில்லைப்பா" என்பாரே, அதே ரகம். கேஸ் ஷீட்டில் 'லேசான வலி' என்று எழுதுவதற்கு முன்னால் வயிற்றில் கைவைத்துப் பாருங்கள், முகத்தையும் பாருங்கள்.

அங்கே நம் ஆட்களும் வருவார்கள். ஒரு காலத்தில் இந்த வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், திருச்சி, தஞ்சையிலிருந்தும் கங்காணிகள் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அனுப்பினார்கள். 1938-இல்தான் அது நின்றது. அந்த வழியில் வந்த பாட்டி தமிழில் பேசுவார். பக்கத்தில் நிற்கிற பேரன் மலாய்ப் பள்ளியில் படித்தவனாக இருப்பான். பாட்டிக்குத் தமிழில் ஒரு தரம், பேரனுக்கு மலாயில் ஒரு தரம் சொல்லுங்கள். மாத்திரையை எடுத்துக் கொடுக்கப்போகிறவன் அவன்தான்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.