செய்முறைத் தேர்வுக்கு ஏன் பயம்?
(மருங்காபுரி வட்டார மாணவர்களிடம் ஆற்றிய உரை)

"எனக்குக் கை நடுங்குது, செய்முறைத் தேர்வுல கோட்டை விட்டுடுவேன்"னு நினைக்கிறவங்க இங்கேயும் இருப்பீங்க.

பிளஸ் டூ வேதியியலில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை எடுத்துக்குங்க. வெளிர் இளஞ்சிவப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு சொட்டு கூடி நிறம் அடர்ந்துவிட்டதா? பதற வேண்டாம். பிப்பெட்டில் மறுபடி 20 மி.லி. எடுத்துச் செய்யுங்கள். ஒரே அளவு இரண்டு முறை வரும்வரை திரும்பச் செய்வதுதான் அந்தச் சோதனையின் முறையே. முதல் தடவையே சரியா வரணும்னு அறிவியல் கேட்கிறதில்லை. நீங்கள் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

எழுத்துத் தேர்வுக்கு 70, அகமதிப்பீட்டுக்கு 10, செய்முறைக்கு 20 மதிப்பெண். பயந்து வராமல் இருந்தால் அந்த 20 போய்விடும். சந்தேகத்தை ஆசிரியரிடம் கேளுங்கள். மனசு பாரமா இருந்தா, பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசுங்கள்.