வாயுவைக் கழுவும் கோபுரம்



மும்பை மாநகரத்துக் குழாய்களில் வரும் நீரின் பெரும்பங்கு பாண்டுப்பில் தெளிவிக்கப்படுவது என்பதைத் தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் நம்மவருள் சிலரே அறிவர். வைதர்ணா முதலிய தொலைதூர ஏரிகளின் நீர் பெருங்குழாய்களின் வழியே அங்கு வந்து சேர்கிறது. அது மண்டி நீங்கி, மணற்படுகையில் வடிந்து, கிருமிகள் மடியும் பொருட்டுக் குளோரின் சேர்க்கப்பெற்று நகருக்குள் செல்கிறது. நீரில் மிகச் சிறிதளவே கலந்து நம்மைக் காக்கும் அக்குளோரின், உருளையிலிருந்து கசிந்து காற்றில் கலந்தால் நுரையீரலை அரித்துவிடும். சுற்றிலும் குடியிருப்புகள் நெருங்கிவிட்ட ஊர் பாண்டுப். ஆதலால், கசிந்த வாயுவை வெளியே விடாமல் பிடிப்பது எவ்வாறு என்ற கேள்வி வேதியியலார்க்கு மட்டும் உரியதன்று.

வாயுவைப் பிடிக்கும் கருவிக்கு ‘நிரப்பிய கோபுரம்’ என்று பெயரிடலாம். மைய அரசின் மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருக்கும் நாம் கலைப்பட்டம் பெற்றவர்களே; எனினும் இத்தகைய ஏடுகள் நம்மிடமும் வந்து சேரும். ஒரு வாயு நீரினுள்ளே சென்று கரைவதை ‘உட்கவர்தல்’ என்கிறோம். கரித்துண்டின் மேற்பரப்பில் வாயு ஒட்டிக்கொள்வது வேறு; அது ‘பரப்புக் கவர்தல்’. இரண்டையும் ‘உறிஞ்சுதல்’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடும் வழக்கம் நமக்கு உவப்பானதன்று.

இக்கோபுரத்தின் பிறப்பு சுவையானது. 1836ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் காசேஜ் என்பவர், சோடா உப்புத் தொழிலில் எழுந்து வயல்களைக் கருக்கிய ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை அடக்க வழி தேடினார். கைவிடப்பட்ட காற்றாலை ஒன்றில் சுள்ளிகளையும் புதரையும் அடைத்து, மேலிருந்து நீரை ஒழுகவிட்டு, வாயுவை அதனூடே செலுத்தினார். சுள்ளிகள் செய்த வேலை, நீரை மெல்லிய ஏடாகப் பரப்பியதே. பின்னாளில், 1914ஐ ஒட்டி, ஜெர்மானியரான ராஷிக் உயரமும் விட்டமும் ஒன்றாயிருக்கும் உள்ளீடற்ற சிறு வளையங்களை அமைத்தார். பீங்கான் வளையங்களை இன்றும் கோபுரத்தில் கொட்டி நிரப்புகின்றனர். கீழிருந்து வாயு ஏறும். மேலிருந்து நீர் இறங்கும். எனவே, பெரும்பாலும் தூய்மையுற்றுவிட்ட வாயுவைப் புத்தம்புது நீரே இறுதியில் சந்திக்கிறது.

இனி, உயரத்தை எவ்வாறு கணிப்பது? வாயுவின் அளவு மிகுந்தால் கோபுரத்தை உயர்த்த வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். அவ்வாறன்று. எவ்வளவு வாயு வருகிறது என்பதைத் தாங்குவது கோபுரத்தின் அகலம். வெளியேறும் காற்று எவ்வளவு தூயதாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்ப்பது உயரம். அகலம் போதாவிடில் ஏறிவரும் வாயுவே நீரை இறங்கவிடாமல் தாங்கி நிறுத்திவிடும். இந்நிலைக்குத் தொழில் வழக்கில் ‘வெள்ளம்’ என்றே பெயர். 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு வெளியேறியபோது அங்கும் ஒரு கழுவு கோபுரம் இருந்தது. ஆனால் அத்தகைய பெருக்குக்கு வகுக்கப்பட்டதன்று அது. உயரத்தால் அக்குறையை ஈடுசெய்திருக்க முடியாது.

உயரத்திற்கு 1935இல் சில்டன், கோல்பர்ன் என்னும் இருவர் எளிய வழி ஒன்றைத் தந்தனர். ஓர் அலகின் உயரத்தை, வேண்டிய அலகுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் கோபுரத்தின் உயரம் கிடைக்கும். இதனைப் ‘பரிமாற்ற அலகு’ என்போம். அமில வாயு போன்று நீரில் எளிதில் கரையும் வாயு காற்றில் சிறிதளவே கலந்திருக்கும்போது, நுழையும் செறிவை வெளியேறும் செறிவால் வகுத்து, ஈவின் இயல்மடக்கையைக் கண்டால் அதுவே எண்ணிக்கை. நூறு பங்கில் தொண்ணூறை நீக்க 2.3 அலகு; தொண்ணூற்றைந்தை நீக்க 3; தொண்ணூற்றொன்பதை நீக்க 4.6. ஆயிரத்தில் ஒன்றே எஞ்ச வேண்டுமாயின் 6.9.

ஓர் அலகு 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். முதல் தொண்ணூறு பங்கை நீக்க 1 மீட்டர் 38 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். எஞ்சிய பத்தில் ஒன்பதை நீக்க மீண்டும் அதே 1 மீட்டர் 38. எஞ்சிய அந்த ஒன்றைப் பத்தில் ஒரு பங்காக்க மறுபடியும் அதே அளவு. கடைசித் துளிக்கும் முதற் பெருக்குக்கும் செலவு ஒன்றே! கோபுரத்தைக் குட்டையாக்கி மிச்சம் பிடிக்க நினைப்போர் கைவைக்கும் இடமும் இக்கடைசித் துளியே. அந்த மிச்சம் கணக்கேட்டில் ஏறும். எஞ்சிய வாயு அக்கம்பக்கத்தார் மூச்சில் ஏறும். இங்கிலாந்தின் 1863ஆம் ஆண்டுச் சட்டம் அமில வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைப் பிடித்தாக வேண்டும் என்றது. நமது கணக்கில் அது மூன்று அலகு. ஆனால் அச்சட்டம் காற்றை மட்டுமே கண்டது. கோபுரத்தடியில் சேர்ந்த அமிலநீர் ஆறுகளுக்குப் போயிற்று.

மீண்டும் குளோரினுக்கு வருவோம். இங்கு இந்த எளிய கணக்கு நில்லாது. 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் எழுநூறு கிராமுக்கு மேல் அமில வாயுவை ஏற்கும். குளோரினையோ சுமார் 7 கிராமே ஏற்கும். 900 கிலோ கொண்ட ஓர் உருளை கசிந்தால், சூழ்ந்திருப்பது முற்றிலும் குளோரினேயானாலும், 1,30,000 லிட்டர் நீர் அளவில் வேண்டும். காற்றுடன் கலந்திருப்பின் இன்னும் மிகுதி. நீர் அவ்வளவு கிடைக்காவிடில் கோபுரத்தை வானளாவ உயர்த்தினாலும் பயனில்லை, நிறைவுற்ற நீர் மேற்கொண்டு வாங்காது. ஆகையால் வெறும் நீருக்குப் பதிலாகக் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சுற்றவிடுகின்றனர். கரைந்த குளோரினைக் காரம் உடனே மாற்றிவிடுவதால் கரைசலில் எப்போதும் இடம் இருக்கும். ஒரு கிலோ குளோரினுக்குக் குறைந்தது 1.13 கிலோ காரம் செலவாகும். எனவே, கோபுரத்தின் உயரத்தைக் கேட்பவர் தொட்டியிலுள்ள காரத்தின் இருப்பையும், மின்சாரம் நின்றால் அதனைச் சுற்றவிடும் எந்திரம் எதனால் ஓடும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வெறும் நீரால் கழுவும் தொழிற்சாலைகளுக்கு மற்றொன்றும் உண்டு. நீர் சூடேறச் சூடேற வாயுவை ஏற்கும் ஆற்றல் குறையும். குளிர்நாட்டு நூலில் கண்ட அட்டவணையை அப்படியே எடுத்தாளாமல், மே மாதத்து நடுப்பகலில் மேல்நிலைத் தொட்டியில் காய்ந்து கிடக்கும் நீரின் வெப்பத்தை அளந்து, அதைக் கொண்டே இங்கு உயரம் கணித்தல் வேண்டும்.