நரம்புகளும் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும்
(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நரம்பியலைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். நான் வைத்திய மாணவி அல்லேன். உயிரியல் படிக்கும் ஒரு பட்டப்படிப்பு மாணவி, அவ்வளவே. ஆனால், மலைநாட்டுத் தோட்டங்களிலே நம் தமிழ்ப் பெண்பிள்ளைகளைத் தாக்கிய ஒரு நரம்பு நோய் உலக வைத்திய நூல்களில் இடம்பெற்றிருப்பதை அண்மையிற் படித்தேன். வெளிநாட்டு வைத்திய மாணவர்கள் அறிந்திருக்கும் அந்தச் செய்தியை என் சொந்த வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ஆகவேதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

முதலில் நரம்பு என்றால் என்ன என்று பார்ப்போம். நாம் பேச்சு வழக்கில், கையிலே பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது இரத்தக் குழாய். உண்மையான நரம்பு வெண்மையான நூற்கற்றை போன்றது. பாதிரிமார் நடத்திய பாடசாலையிலே தவளையின் தொடையில் அதை முதன்முதலாகக் கண்டேன். இறந்த தவளையின் நரம்பை மின்கம்பி தொட்டதும் கால் வெட்டி இழுத்தது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. மூளையிலிருந்து முதுகெலும்பின் உள்ளே முண்ணாண் இறங்குகிறது. முண்ணாணிலிருந்து கை, கால், தோல், தசை எங்கும் நரம்புகள் பிரிந்து செல்கின்றன. காற்பெருவிரல் கல்லில் இடித்தால், இடித்தது முதலில் தெரிகிறது. ‘ஐயோ’ என்ற நோவு ஒரு கணம் கழித்தே வருகிறது. தொடுகையைக் கொண்டு செல்லும் தடித்த நார்களில் செய்தி செக்கனுக்கு 50 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. நோவைக் கொண்டு செல்லும் மிக மெல்லிய நார்களிலோ அது ஒரு மீற்றரளவே நகர்கிறது.

நரம்பு வைத்தியரின் கெட்டித்தனமெல்லாம், கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பதிலே இருக்கிறது. ஒரு பக்கத்துக் கையும் காலும் திடீரென்று விழுந்தால், அநேகமாக மூளையின் மறுபக்கத்தில் இரத்தக் குழாய் அடைத்திருக்கும் அல்லது வெடித்திருக்கும். இதுவே பாரிசவாதம். அதற்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மூளைக்கு நட்டம். வலிப்பு, மூளைக் கலங்கள் கூட்டமாகக் கட்டுப்பாடின்றி மின்சாரம் எழுப்புவதால் வருவது. கையில் இரும்புத் திறப்பைத் திணித்தால் அது நிற்காது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஒன்றையும் வைக்காதிருப்பதே உதவி. இரண்டு பாதங்களும் ஒருங்கே மரத்து, அந்த மரப்பு மேல்நோக்கி ஏறினாலோ, குற்றம் பெரும்பாலும் வெளி நரம்புகளில் இருக்கும். நீரிழிவுக்காரர் பலர் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

ஏன் பாதத்திலே தொடங்க வேண்டும்? நம் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். மேலே ஊற்று, கீழே லயங்கள். ஊற்றில் நீர் குறைந்தாலும், குழாய் பழுதானாலும், முதலில் தண்ணீர் நின்றுபோவது கடைக்கோடி வீட்டுக்குத்தான். காலுக்குச் செல்லும் நரம்பு நாரின் தாய்க் கலம் இடுப்புக்கு மேலே முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அதன் நுனியோ ஒரு மீற்றருக்கு அப்பால் பெருவிரலில். நுனிக்கு வேண்டிய போஷணை அவ்வளவு தூரம் நாரின் உள்ளேயே பயணம் செய்ய வேண்டும். அந்தப் போக்குவரத்து கெட்டால், மிக நீண்ட நார்கள் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன.

இனி நான் சொல்ல வந்த செய்தி. 1977, 1978ஆம் ஆண்டுகளில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 20க்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமியர் கைகால் பலவீனத்தோடு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எல்லோரும் அண்மையிலே பெரிய பிள்ளையானவர்கள். இது தொற்றுநோயானால் தம்பிமாரையும் தகப்பன்மாரையும் விட்டுவைத்திருக்குமா? இந்தப் பிள்ளைகள் மட்டும் உட்கொண்டது என்ன?

இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு விடை உடனே தெரிந்திருக்கும். பெரிய பிள்ளையானவளுக்கு விடியற்காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் வழக்கம். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியவள்தான்; கிண்ணம் காலியாகும் வரை என் அப்பாயி எதிரிலிருந்து நகரவில்லை. இடுப்புக்குப் பலம் என்றார். மற்றவர்கள் தாளிக்க ஒரு கரண்டி எண்ணெய் உண்ணும் வீட்டில், அந்தப் பிள்ளை ஒருத்தி மட்டும் நாள்தோறும் எண்ணெயைக் குடித்திருக்கிறாள்.

அந்த எண்ணெயைப் பரிசோதித்தபோது ‘திரைகிரெசில் பொஸ்பேற்று’ என்ற நஞ்சு அகப்பட்டது. இது இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்டிக்கிலும் சேர்க்கப்படும் பொருள். கனிய எண்ணெய் இருந்த பாத்திரங்களிலே நல்லெண்ணெயை ஏற்றிக் கொண்டுவந்ததால் கலந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் முடிவு. டாக்டர் நிமால் சேனநாயக்கவும் டாக்டர் ஜெயரத்தினமும் இதனை 1981இல் லண்டன் ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதினார்கள்.

இந்த நஞ்சின் கொடுமை அதன் பொறுமையில் இருக்கிறது. இதற்குச் சொல்லும்படியான மணமோ சுவையோ கிடையாது. குடித்தபின் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. பின்பு கெண்டைக்கால் பிடித்திழுக்கும், உள்ளங்கால் மரக்கும், பாதம் தொங்கிப்போகும், விரல்கள் வலுவிழக்கும். அதற்குள் சடங்கு முடிந்து, எண்ணெய்ப் போத்தலும் கழுவி வைக்கப்பட்டிருக்கும். யார் எண்ணெயை நினைப்பார்கள்? கண்ணூறு என்றும் செய்வினை என்றும் அலைந்த பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே இத்தனை நாள் இடைவெளி இருந்தால் கற்றவரும் தடுமாறுவர்.

தடுமாறியதும் உண்டு. 1930இல் அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில், இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்ற மதுவில் இதே நஞ்சு கலந்து பல்லாயிரம் பேர் கால் விழுந்தனர். 1959இல் மொரோக்கோவிலே விமான இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயிற் கலந்து விற்றதால் ஏறத்தாழ 10,000 பேர். அங்கேயும் மலிவான எண்ணெயைத் தேடி வாங்கிய ஏழைகளே அகப்பட்டார்கள். நம் பிள்ளைகளின் தொகை சிறிது. ஆனால் கொழுந்தெடுத்துப் பிழைக்கும் வீட்டில், சரிவில் ஏற முடியாத கால் என்றால் என்ன பொருள் என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அறுந்த வெளி நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் மீண்டும் வளரக்கூடும். ஆகையால் இந்த நஞ்சுண்டவர்களில் பலருக்குக் கை தேறும், காலும் ஓரளவு தேறும். முண்ணாணின் உள்ளே பட்டுப்போன நார்களோ அப்படித் தளிர்ப்பதில்லை. நரம்பு தேறிய பின்னும் கால் விறைப்பு நிலைத்துவிடுவதுண்டு. டாக்டர் சேனநாயக்க நோயாளிகள் சிலரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்துப் பதிவுசெய்திருக்கிறார்.

இதே குடும்பத்து இரசாயனங்களே நம் மாவட்டத்து மரக்கறித் தோட்டங்களில் தெளித்த பல பூச்சிமருந்துகளும். 1987இல் டாக்டர் சேனநாயக்கவும் டாக்டர் கரலியத்தவும் இன்னொரு செய்தியை உலகுக்கு அறிவித்தார்கள். அத்தகைய மருந்து உடலில் ஏறி, முதல் ஆபத்தைத் தாண்டிய பத்து நோயாளிகளுக்கு, 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் கழுத்தும் தோளும் மூச்சுத் தசைகளும் திடீரெனத் தளர்ந்தன. ‘தேறிவிட்டான், துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்’ என்று உறவினர் அவசரப்படும் நாள்கள் அவையே. படுத்திருப்பவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமற்போவது முதல் அடையாளங்களுள் ஒன்று. இதைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். அப்படிக் கண்டால் தாதியை உடனே அழையுங்கள். நான்கு நாளாவது வார்ட்டில் இருக்க விடுங்கள்.

இப்பேச்சை வீட்டில் ஒத்திகை பார்த்தபோது என் அப்பாயி இடைமறித்தார். “அப்போ நான் உனக்கு நஞ்சா கொடுத்தேன்?” என்றார். இல்லை என்றேன். எள்ளில் குற்றமில்லை; வழக்கத்திலும் குற்றமில்லை; குற்றம் தகரத்தில். இருந்தாலும், எந்தப் பீப்பாயிலிருந்து ஊற்றியதென்று தெரியாத எண்ணெயை வாங்கிப் பச்சையாகக் குடிக்கக் கொடுக்கலாமா என்று அவரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, அந்த ஆண்டுகளில் மேற்பிரிவு லயத்தில் ஒரு பிள்ளை காலை இழுத்து இழுத்து நடந்தாள் என்றும், அவளுக்குக் கழிப்புக் கழித்தார்கள் என்றும் சொன்னார். அது இந்த நோய்தானா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தப் பிள்ளை இன்றிருந்தால் வயது அறுபதை அண்டியிருக்கும்.